வீட்டிலேயே டி-சர்ட்டில் அச்சிட விரும்புகிறோம்: நம் கடற்கரைக்கு எந்த முறை சரிவரும்?

மடத்துக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவில் தையல் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். ஜாக்கெட், பள்ளிச் சீருடை என்று வருகிற வேலையைத் தைத்துக் கொடுத்து வருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம் பக்கத்து இளைஞர்கள் கைப்பந்து, கபடி, கிரிக்கெட் என்று போட்டிகள் நடத்துவார்கள். ஒவ்வொரு அணிக்கும் பெயரும் எண்ணும் போட்ட சட்டை வேண்டும். அணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதால், பெரிய அச்சகங்கள் அந்த வேலையை ஏற்கத் தயங்குகின்றன. ஏற்றாலும் போட்டி முடிந்த பிறகுதான் சட்டை கைக்கு வருகிறது. அந்த வேலையை நாங்களே வீட்டில் செய்யலாமே என்று தோன்றியது. அது கைகூடினால் இராமேஸ்வரத்துக்கு வரும் பயணிகளுக்கும் பாம்பன் பாலம் அச்சிட்ட சட்டைகளை விற்கலாம்.

காணொளிகளைப் பார்த்ததில் குழப்பம்தான் மிஞ்சியது. ஒருவர் டிடிஎஃப் பிரிண்டர் வாங்கச் சொல்கிறார், ஒருவர் சப்ளிமேஷன் என்கிறார், இன்னொருவர் இஸ்திரிப் பெட்டியே போதும் என்கிறார். எங்கள் கையில் இருப்பது 25,000 ரூபாய். முதலில் செய்ய வேண்டியது நாற்பது சட்டைகள். உப்புக் காற்றிலும் வெயிலிலும் உடுத்தி, பெரும்பாலும் ஆழ்குழாய் உவர்நீரில் துவைக்கிற எங்கள் ஊருக்கு எந்த முறை தாங்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்போம்.

தொண்டியான்:

வணக்கம் சகோதரி. நான் தொண்டியில் பிறந்தவன். திருப்பூரில் அச்சுப் பட்டறை நடத்துகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டிடிஎஃப் பிரிண்டரை, அதாவது துணியில் ஒட்டுவதற்கான படத்தை ஃபிலிமில் அச்சிடும் கருவியை, இப்போது வாங்க வேண்டாம். அந்தக் கருவியில் வெள்ளை மை ஓடுகிறது. அந்த மையில் கனமான நிறமித் துகள்கள் இருப்பதால் ஓரிரு நாட்கள் ஓட்டாமல் விட்டாலே அவை அடியில் படிந்து, பிரிண்டர் தலையின் நுண்துளைகளை அடைத்துவிடும். தடைக்காலத்தில் மும்முரமாகவும் மற்ற மாதங்களில் எப்போதாவதும் வேலை வரும் வீட்டுக்கு அது தீனி போட்டே மாளாத கருவி. தலை அடைத்துக்கொண்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவு உங்கள் முழு முதலீட்டையும் விழுங்கிவிடக்கூடும்.

ஆனால் டிடிஎஃப் முறையை விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை. படம் அச்சிட்ட ஃபிலிமை மட்டும் மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். திருப்பூரிலும் சென்னையிலும் உங்கள் கோப்பைப் பெற்றுக்கொண்டு, அச்சிட்டு, பசைத்தூள் தூவி உருக்கி, சுருட்டி கூரியரில் அனுப்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் வாங்க வேண்டியது ஃபிலிமைச் சூட்டோடு துணியில் அழுத்தும் 15க்கு 15 அங்குல ஹீட் பிரஸ் ஒன்றுதான். அது உங்கள் தொகைக்குள் அடங்கும், துணிக்கும் ஃபிலிமுக்கும் பணம் மிஞ்சும்.

ஃபிலிம் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்களின் பணம் இங்கேதான் வீணாகிறது. வழக்கமான ஃபிலிமின் அகலம் 60 சென்டிமீட்டர். அதில் அச்சாகும் பகுதி சுமார் 58. உங்கள் முதுகுப் படம் 28 சென்டிமீட்டர் அகலமும் 30 உயரமும் என்று வைத்துக்கொண்டால், அகலவாட்டில் இரண்டும் நீளவாட்டில் மூன்றுமாக ஒரு மீட்டரில் ஆறு படங்கள் அமையும். மீதமாகும் பத்து சென்டிமீட்டர் பட்டையில் மார்புக்கான சிறிய சின்னங்களை அடுக்கிவிடலாம். ஆக நாற்பது சட்டைகளுக்கு ஏழு மீட்டர். படத்தை 30 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினீர்கள் என்றால் அகலவாட்டில் ஒன்றுதான் நிற்கும், ஃபிலிம் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். இரண்டு சென்டிமீட்டரில் வருகிற வித்தியாசம் இது. எண்களை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனியாக அடுக்க மறந்துவிடாதீர்கள்.

அழுத்தும் முறை கடினமானதல்ல. சட்டையை விரித்து, ஃபிலிம் வைக்காமல் முதலில் நான்கைந்து விநாடி வெறுமனே அழுத்த வேண்டும். கடலோரத்தில் பருத்தித் துணி எப்போதும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரம் ஆவியாகி வெளியேறினால்தான் பசை நூலுக்குள் இறங்கும். உள்நாட்டில் இதைத் தவிர்த்தாலும் தப்பித்துக்கொள்ளலாம், தங்கச்சிமடத்தில் முடியாது. அதன்பின் ஃபிலிமை வைத்து 150 முதல் 160 டிகிரி வெப்பத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, ஃபிலிம் கொடுத்தவர் சொன்னபடி சூட்டிலோ ஆறிய பிறகோ உரித்து, மேலே பட்டர் பேப்பரை வைத்து இன்னொரு முறை அழுத்துங்கள். இந்த இரண்டாவது அழுத்தத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துவைத்த பிறகு ஓரம் கிளம்புகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதைச் செய்யாததால் வருவதுதான்.

வாங்கி வைத்த ஃபிலிம் மீதமானால் உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டுக் கட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்த ஃபிலிம் ஈரம் கோத்து, அழுத்தும்போது குமிழ் விடும். கருவியின் இரும்புச் சட்டத்துக்கும் சுருள்வில்லுக்கும் அவ்வப்போது எண்ணெய் தடவி, வேலை இல்லாத நாட்களில் துணியால் மூடி வைக்க வேண்டும். உங்கள் ஊர்க் காற்று என்ன செய்யும் என்பதை வீட்டுச் சன்னல் கம்பிகளே சொல்லும்.

இந்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும். டிடிஎஃப் அச்சு துணியின் மேல் ஒட்டுகிற படலம். துணிக்குள் ஊறும் சாயம் அல்ல. முதுகு முழுவதும் நிரம்பிய பெரிய கட்டத்தை அச்சிட்டால், சித்திரை வெயிலில் ஆடுகிறவன் முதுகில் பாலித்தீன் தாளைக் கட்டிக்கொண்டது போலத் தவிப்பான். ஆகவே படத்தில் இடைவெளிகளை நிறைய விடுங்கள். சட்டையின் நிறத்தையே படத்தின் ஒரு நிறமாகப் பயன்படுத்துங்கள். நல்ல வடிவமைப்பாளரை அடையாளம் காட்டுவதே இதுதான் என்பது என் கருத்து.

துணி வாங்க நேரில் வருவதாக இருந்தால் திருப்பூர் காதர்பேட்டைக்கு வாருங்கள். விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் கழிவுப் பீஸ்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை), பயோவாஷ் செய்த (மேல் பிசிறு நீக்கிய) பருத்தி என்று கேட்டு வாங்குங்கள்.

ஊசிநூல்:

கீழக்கரையில் தையலகம் வைத்திருக்கிறேன். தொண்டியான் அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. தமிழ் எழுத்தை அச்சிடும்போது வரும் சிக்கலைப் பற்றி மட்டும் சில வரிகள் எழுதுகிறேன், தங்கைக்குப் பயன்படும்.

ஐந்தாறு சட்டைகளுக்குப் பெயர் போடுவதற்கு நாங்கள் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாளான வினைலைத்தான் பயன்படுத்துகிறோம். எழுத்தைத் திருப்பி வைத்து வெட்டி, தேவையற்ற பகுதியை ஊசிமுனையால் கிளப்பி உரித்துவிட்டு, மிஞ்சியதைத் துணியில் சூட்டால் ஒட்டுகிற முறை அது. ஆங்கில எழுத்துகளில் இந்த உரிக்கும் வேலை விரைவாக முடிந்துவிடும். தமிழில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித் துண்டு. "பாம்பன்" என்று ஒரு சொல் எழுதினால் மகரத்தின் மேல் ஒன்று, னகரத்தின் மேல் ஒன்று என இரண்டு புள்ளிகள். கழிவை இழுக்கும்போது அவையும் கூடவே போய்விடும். போனதைக் கவனிக்காமல் ஒட்டினால் "பாமபன" என்று நிற்கும். அதனால் புள்ளியைக் குறைந்தது நான்கு மில்லிமீட்டர் விட்டத்தில் பெரிதாக்குங்கள், அல்லது கோடு தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். சுழிகள் நெருங்கி வரும் "ணை", "ஞ", "ஐ" போன்ற எழுத்துகளின் உட்பகுதியும் அடைபடாமல் திறந்து இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஎஃப் ஃபிலிமில் புள்ளி காணாமல் போகாது என்றாலும், மிகச் சிறிய புள்ளியில் பசை பிடிக்க இடம் போதாது, நாலைந்து துவைப்பில் முதலில் உதிர்வது அதுதான்.

இன்னொரு விஷயம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பை வெளியூருக்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகத் திறக்கும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அப்படியே அச்சிட்டும் அனுப்பிவிடுவார். யூனிகோட் எழுத்திலேயேகூட கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும் மென்பொருள்கள் இன்னும் உண்டு. எழுத்துகளை எல்லாம் வளைகோடுகளாக மாற்றி, அதாவது கோரல் டிராவில் "கன்வர்ட் டு கர்வ்" கொடுத்துவிட்டு, கூடவே ஒரு பிடிஎஃப் நகலையும் அனுப்புங்கள். அச்சிடுவதற்கு முன் மாதிரிப் படத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டும்.

இஸ்திரிப் பெட்டி போதும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வினைல் பெயர் ஒன்றிரண்டு ஒட்டுவதற்கு அது போதும். நீராவியை அணைத்துவிட்டு, மெத்தை வைத்த இஸ்திரி மேசையைத் தவிர்த்து, கெட்டியான மரப்பலகையின் மேல் துணியை விரித்து, தேய்க்காமல் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நாற்பது சட்டைகளுக்குப் போதாது. பெட்டியின் நடுவில் ஒரு சூடு, முனையில் ஒரு சூடு.

சட்டகம்:

பரமக்குடியில் படித்து இராமநாதபுரத்தில் ஓவிய ஆசிரியராக இருப்பவன் நான். எல்லோரும் ஃபிலிமைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரே படம், ஒன்று அல்லது இரண்டு நிறம், நாற்பது சட்டை என்றால் அது ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையை இழுத்து அச்சிடும் முறையில் செய்ய வேண்டிய வேலை. மரச்சட்டம், வலைத்துணி, மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி, ஒளி பட்டால் இறுகும் பூச்சான எமல்ஷன், மை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஹீட் பிரஸ் விலையில் சிறு பகுதிதான். இராமேஸ்வரத்தில் விற்பதற்கான பாலம் சட்டைக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் அந்தப் படம் ஆண்டு முழுவதும் மாறப்போவதில்லை. சட்டகம் ஒருமுறை தயாராகிவிட்டால் நூற்றுக்கணக்கான சட்டைகளை அச்சிடலாம்.

பருத்தித் துணிக்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய 110 இழைகள் உள்ள, 43டி என்று கடைகளில் சொல்லப்படும் வலை ஏற்றது. எமல்ஷனை மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் மெல்லியதாகப் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே பாசிட்டிவை, அதாவது படத்தைக் கறுப்பில் அச்சிட்ட ஒளி ஊடுருவும் தாளை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகும், கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடும். நம் ஊர் உச்சி வெயிலுக்கு நேரம் சில நிமிடங்களுக்கு மேல் தேவைப்படாது. ஒரே சட்டகத்தின் பகுதிகளை வெவ்வேறு நேரம் காட்டி, உங்கள் எமல்ஷனுக்குச் சரியான நேரத்தை ஒருமுறை கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் இடறும் இடம் உலர்த்துவதுதான். எமல்ஷன் தொட்டால் ஒட்டாமல் இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அந்த நிலையில் ஒளி காட்டினால் அது சரியாக இறுகாமல், கழுவும்போது படத்தின் விளிம்பும் சேர்ந்து கரைந்து போகும். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு முழுவதும் உலர விடுங்கள். மழைக்காலத்தில், சட்டகத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே மூடிய அறையில் குண்டுபல்பு எரியவிட்டாவது ஈரத்தைக் குறைக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது அச்சிட்ட சட்டைகளை வெளியே காயவைக்காதீர்கள். ஈர மையில் மணல் வந்து ஒட்டினால் அதை எடுக்கவே முடியாது. சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கயிறு கட்டுங்கள்.

நீர் கலந்த மையைப் பயன்படுத்தும்போது நீரில் கரையாத வகை எமல்ஷன் என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அச்சிடும்போதே சட்டகம் கரையத் தொடங்கும். மை காய்ந்தது போதாது, சூட்டில் பதிய வேண்டும்: அச்சின் மேல் ஒரு பருத்தித் துணியை வைத்து, 150 டிகிரி அளவில் சில நிமிடங்கள் சூடு காட்டினால்தான் துவைப்பைத் தாங்கும். எமல்ஷன் ஒளியில் இறுகுவதற்காக அதோடு கலக்கத் தரும் சென்சிடைசர் சில வகைகளில் பைக்ரோமேட் உப்பு. அது நச்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பைக்ரோமேட் இல்லாத, உடனே பயன்படுத்தும் வகை எமல்ஷனையே வாங்குங்கள்.

பாலத்தின் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1914இல் திறந்த பழைய பாலத்தைப் போடுவதாக இருந்தால் இரு கைகளாக மேலே விரியும் தூக்குப் பகுதியை வரையுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலேறும். இரண்டையும் கலந்து வரைந்த படங்களைக் கடைகளில் பார்க்கிறேன், ஊர்க்காரன் பார்த்தால் சிரிப்பான். இரும்புச் சட்டங்களின் ஒவ்வொரு குறுக்குக் கம்பியையும் வரையாதீர்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு 43டி வலையில் தெளிவாக இறங்காது. தூக்குப் பகுதியின் வெளிக்கோடு, அதன் கீழே போகும் ஒரு நாட்டுப்படகு, இரண்டு அலை, அவ்வளவு போதும்.

மடத்துக்கரை:

மூவருக்கும் மிகுந்த நன்றி. பயணிகளுக்கான பாலம் சட்டையை ஆசிரியர் ஐயா சொன்னபடி சட்டகத்தில் செய்து பார்ப்பதென்றும், அணிச் சட்டைகளுக்கு ஃபிலிம் வாங்கி அழுத்துவதென்றும் குழுவில் பேசி முடிவெடுத்தோம். ஆனால் இன்று அணித் தலைவர் வந்து, சட்டைகளை அவர்களே வாங்கிவிட்டதாகச் சொல்லி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பளபளப்பான சிவப்பு ஜெர்சித் துணி, உள்ளே துணி விவரச் சீட்டு இல்லை. அதன் மேல் வெள்ளையில் பெயரும் எண்ணும் வேண்டுமாம். சப்ளிமேஷன் செய்தால் துவைத்தாலும் போகாது என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சாத்தியமா? மேலும், ஹீட் பிரஸ்ஸை எங்கள் வீட்டு மின்விசிறிச் சுவிட்சுப் பலகையில் இருக்கும் சாக்கெட்டிலேயே செருகலாமா?

தொண்டியான்:

சாக்கெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. நீங்கள் வாங்கப்போகும் அளவுக் கருவி சுமார் 1,800 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ எட்டு ஆம்பியர். சுவிட்சுப் பலகையில் உள்ளது 6 ஆம்பியர் சாக்கெட், சூடேறி உருகித் தீப்பிடிக்கக்கூடும். மின்பணியாளரை அழைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் சேர்த்து 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் மின்னழுத்தம் குறைகிற தெருவாக இருந்தால் கருவி சூடேறத் தாமதமாகும், திரையில் 150 காட்டும்வரை பொறுத்திருந்து தொடங்குங்கள்.

துணிக்கு வருகிறேன். சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த மணத்தோடு சாம்பலானால் பருத்தி. சுருங்கி உருகி, ஆறியதும் நகத்தில் நெருடும் கறுப்பு உருண்டையாக நின்றால் பாலியெஸ்டர். பளபளப்பு என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பாலியெஸ்டர்தான் என்று நினைக்கிறேன்.

சப்ளிமேஷனில் 190 முதல் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். படலம் கிடையாது, வெடிப்பு கிடையாது, காற்றும் புகும். வெள்ளை ஜெர்சி வாங்கியிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த முறையில் வெள்ளை மையே இல்லை. துணியின் வெள்ளைதான் வெள்ளை. ஆகவே சிவப்புத் துணியில் வெள்ளை எண் போட சப்ளிமேஷனால் முடியாது.

டிடிஎஃப் போடலாம், ஆனால் சாதாரண ஃபிலிமைப் போட்டால் சிக்கல். பாலியெஸ்டருக்கு ஏற்றிய சிவப்புச் சாயம் சூடு பட்டதும் கிளம்பி, மேலே ஒட்டிய வெள்ளைக்குள் ஏறும். அழுத்தி உரித்தபோது பளிச்சென்று இருந்த எண் இரண்டொரு நாளில் ரோஜா நிறமாகும். எல்லா நிறங்களிலும் சிவப்புதான் இதில் மிகவும் தொல்லை தருவது. இதற்கென்று சாயத்தைத் தடுக்கும் அடுக்கு சேர்த்த ஃபிலிமும், குறைந்த சூட்டில் உருகும் பசைத்தூளும் உண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே "சிவப்பு பாலியெஸ்டர் ஜெர்சிக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். இல்லை என்கிறவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள். அழுத்தும் சூட்டை 130 டிகிரி பக்கம் வையுங்கள், அதற்கு மேல் போனால் துணியிலும் பிரஸ் வைத்த இடம் சதுரமாகப் பளபளத்து நிற்கும்.

அணித் தலைவரிடம் மாற்றுச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றை எண்ணை அதில் அழுத்தி, இரண்டு நாள் வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டு, வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது என்றால் மற்றவற்றைத் தொடங்குங்கள். நிறம் ஏறியிருந்தால் அந்தச் சட்டையையே அவரிடம் காட்டி, எண்ணைக் கறுப்பில் போட ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். கறுப்பில் சிவப்பு ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. எப்படியானாலும் முன்பணம் வாங்காமல் ஃபிலிமுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள், பெயரும் எண்ணும் போட்ட ஃபிலிம் வேறு எந்த அணிக்கும் ஆகாது.